பின்னாலேயே போன தண்ணீர்

இப்பல்லாம் ஆட்களுக்குக் கூச்சம் என்பது அறவே போய்விட்டது, தான் கழித்ததை அடுத்தவன் மண்ணில் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, சாமியும் கும்பிட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள் என்று மயில்சாமி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் மெமோரியல் டே முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, மகாதேவன் குடும்பம் அவருடைய மைதானத்தில் கேரவன் வண்டியிலிருந்து திறந்துவிட்டுப் போன நாற்பது கேலன் கழிவுநீர் தரையை விட்டு எழுந்து, கேட்டைத் தாண்டி, கவுண்டி ரோட்டில் வலது ஓரமாகவே ஊர்ந்து, டோல்வேயில் ஏறி, பதினோரு மணி வாக்கில் பிளானோவில் அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் போய் நின்றபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. டோல் கேமரா அதைப் படம் எடுத்தது. நம்பர் பிளேட் இல்லாததால் விட்டுவிட்டது. மற்ற வண்டிகள் அதற்கு நிறையவே இடைவெளி விட்டன.

மைதானம் பிளானோவுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. ஆறு ஏக்கர், கேரவன் வண்டி நிறுத்த ஜல்லி கொட்டிய பதினான்கு இடம், ஒரு ஓக் மரம். நிலம் ஒரு நாள் விலை ஏறும் என்று மகன் சபரி வாங்கிப் போட்டது. மயில்சாமி மூன்றாவது வரை படித்தவர், சங்ககிரியில் முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். மனைவி வசந்தாமணி காலமான பிறகு மகன் கிரீன் கார்டு எடுத்துக் கூட்டி வந்து பிளானோவில் தன் வீட்டு மாடியில் கார்ப்பெட் விரித்த அறையில் வைத்தான். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. யாரோ கைவிட்ட பழைய டிரெய்லர் ஒன்றை ஓக் மரத்தடியில் நிறுத்திக் குடியேறினார். அது ஆயிற்று ஒன்பது வருடம்.

வாசலில் சபரி ஒரு போர்டு வைத்திருந்தான்: தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, டாய்லெட் இல்லை. அதற்குக் கீழே கொண்டு வந்ததைக் கொண்டு போ என்று மயில்சாமி தன் கையால் தமிழில் எழுதி வைத்தார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதை வாசிக்கத் தெரியும். தெரிந்து என்ன. அவர் மட்டும் நான்கு நாளைக்கு ஒரு தரம் தன் டிரெய்லரின் கழிவு டாங்கியைச் சக்கரம் வைத்த நீலப் பெட்டியில் வடித்து, இரண்டு மைல் தள்ளி பெட்ரோல் பங்க்கை ஒட்டியிருந்த, கழிவு கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவார். சரக்கை இறக்க வேண்டிய இடத்தில் இறக்காமல் வழியில் தள்ளிவிடுகிறவனை அவர் எந்த நாளும் டிரைவர் என்று மதித்ததில்லை.

தப்பு எங்கே நடக்கிறது என்பது முதல் கோடையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேரவன் வண்டிகளின் டாங்கி, காகிதத்தில் துடைக்கிற ஜனத்துக்காகச் செய்தது. நான்கு பேருக்கு மூன்று நாள் தாங்கும். நம்மவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவார்கள். வாடகை வண்டிதான், ஆனாலும் ஆறு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் சூடம் காட்டுவார்கள். பிறகு ஆளுக்கு முன்னால் பிளாஸ்டிக் மக் உள்ளே போகும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் டாங்கி நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்துவிடும். டம்ப் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் போட்ட கூடாரத்தைப் பிரிக்க வேண்டும், அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்கிறது. ஆகவே யாராவது ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, போன் பேசுகிறவர் மாதிரி வண்டியின் பின்பக்கம் நடந்து போய் வால்வைத் திறந்துவிடுவார்.

மகாதேவன் லெகசி ஆபீஸ் வட்டாரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டர். வெள்ளை ஷூ. கையும் களவுமாகப் பிடிபட்டபோது, "ஆர்கானிக்தானே அங்கிள், மண்ணுக்கு நல்லது" என்றார்.

"நல்லதுன்னா உங்க ஊட்டுப் புல்லுக்கு ஊத்திக்கறதுதானுங்களே" என்றார் மயில்சாமி.

"ஐயோ, எங்க காலனி அசோசியேஷன், எச்ஓஏ, விடாது அங்கிள்."

அந்தத் தண்ணீர்தான் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனது. மத்தியானம் மகாதேவன் போன் செய்து, உங்க கிரவுண்ட்ல இருந்து ஏதோ வந்து நிக்குது என்றார். உங்களுதுதானுங், பார்த்து உள்ளே எடுத்து வெச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு மயில்சாமி போனை வைத்தார். மறுநாள் எச்ஓஏவிலிருந்து, டிரைவ்வேயில் அனுமதியில்லாமல் நிறுத்தியிருப்பதை இருபத்துநாலு மணி நேரத்தில் அகற்றவும் என்று கடிதம் வந்ததாம். நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் மட்டும் போகவில்லை. அவற்றை மயில்சாமிதான் பொறுக்கினார்.

அந்தக் கோடை முழுக்க அப்படியே நடந்தது. ஓக்லஹோமாவிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வெள்ளைக்காரருடையது நான்கு நாள் எடுத்துக்கொண்டது, நடுவில் ஆலங்கட்டி மழைக்கு ஒரு பாலத்தடியில் ஒதுங்கி நின்றதாகச் சொன்னார்கள். மனுசனுக்கு இல்லாத ரோசம் மண்ணுக்காவது இருக்கிறதே என்று மயில்சாமி ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த வருடம் அதுவும் கெட்டது. வீட்டுக்கு முன்னால் புல்தரையில் இருக்கும் சாக்கடைக் குழாயின் மூடியைத் திருகித் திறந்து வைத்துவிட்டால், வந்த தண்ணீர் தானே உள்ளே இறங்கிக்கொள்கிறது என்று மகாதேவன் கண்டுபிடித்து வாட்ஸாப் குரூப்பில் போட்டார். அதோடு கூச்சம் முடிந்தது. சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் தட்டில் பிரியாணியோடு சுற்றி நின்று வால்வைத் திறந்தார்கள், வீடியோ எடுத்தார்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து பை பை சொன்னார்கள். வசதி இல்லாத இடங்களிலேயே மிகவும் வசதியான இடம் என்று இன்டர்நெட்டில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். சான் ஹோசேயிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடையது பாலைவனத்தின் வழியாகப் போனதால் மூன்று வாரம் கழித்துப் பாதியாக வற்றி, கெட்டியாகப் போய்ச் சேர்ந்தது. அதையும் அவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். மயில்சாமி காறித் துப்பிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார்.

மூன்றாவது வருடம் கவுண்டி நிர்வாகம் ஒரு விதி கொண்டு வந்தது. வெறும் மைதானமாக வண்டி நிறுத்தும் இடங்கள் இனிமேல் குழாய், கரண்ட், டாய்லெட் போட வேண்டும், அல்லது மூட வேண்டும். பக்கத்தில் அப்படி இருந்த இரண்டில் ஒன்று கார் வாஷ் ஆனது. இன்னொன்று நீச்சல் குளம் கட்டி ரிசார்ட் என்று பெயர் வைத்துக்கொண்டது. தொப்பி போட்ட ஒரு இன்ஸ்பெக்டர் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்க வந்தார். வண்டிகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஏழு தண்ணீரும் மண்ணை விட்டு எழுந்து, கேட்டருகே தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையில் நின்றன. அந்த அம்மாள் ஒதுங்கி நின்று, கழிவு அகற்றும் ஏற்பாடு: உண்டு என்று படிவத்தில் குறித்தார். மைதானம் மைதானமாகவே இருக்கலாம்.

பிறகு பேனாவால் ஓக் மரத்தடி டிரெய்லரைக் காட்டினார். விருந்தாளி பதினான்கு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. காவல்காரர் ஒருவர் இருக்கலாம், ஆனால் அது அவருடைய சொந்த வீடாக இருக்க வேண்டும். மயில்சாமியின் காகிதம் எல்லாவற்றிலும் பிளானோ விலாசம் இருந்தது. அன்றைக்கு அங்கே வந்திருந்த சபரிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எழுபத்துமூன்று வயதில் அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று அவன் தூக்கம் கெட்டது பல நாள்.

"ரூம் ரெடியா இருக்குங்ப்பா. கார்ப்பெட்டை எடுத்துட்டேன். கழுவி விடற சீட் போட்டிருக்கேன், சூடாவே தண்ணி வரும்."

மயில்சாமி போய் டிரெய்லர் படிக்கட்டில் ஏறி நின்றார். அவர் போக மாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. போகாவிட்டால் டிரெய்லரை இழுத்துப்போக வண்டி வரும் என்பதும் தெரிந்தது. இந்த இடத்தில் ஒருவருடைய விலாசத்தைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் மரியாதையாகவே சொன்னார். இவர் டாங்கியைத் திறக்கட்டும், அது எங்கே போகிறதோ அந்த விலாசத்தை எழுதிக்கொள்கிறேன்.

"என்ற பீயக் கேட்டுத்தான் என்ற ஊடு எதுன்னு தெரிஞ்சுக்கோணுமா" என்றார் மயில்சாமி. சபரி அதைப் பாதிதான் மொழிபெயர்த்தான்.

பிறகு அவனே போய்க் குனிந்து வால்வைத் திறந்தான். அது பிளானோவுக்குத்தான் கிளம்பும் என்று அவன் காரை நகர்த்தி வழிகூட விட்டிருந்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மயில்சாமியின் தண்ணீர் அந்த ஜல்லியில் இறங்கியது. எழுந்தது. கேட் பக்கம் கொஞ்ச தூரம் போனது, சபரியின் காருக்குப் பக்கத்தில் நின்றது, திரும்பியது. டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்து படிக்கட்டுக்கு முன்னால், செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பத்து நிமிடம் பார்த்தார்கள். அசையவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாள் மைதானத்தின் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சபரி வால்வை மூடிவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "சரிங்ப்பா. இங்கேயே இருங்க" என்றான்.

"அங்கிள், மண்ணே சர்டிபிகேட் குடுத்துடுச்சு" என்று மகாதேவன் புறப்பட நின்ற தன் வண்டியிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"அது போயிருந்தா மட்டும் நான் போயிருப்பனாக்கும்" என்றார் மயில்சாமி. மண்வெட்டியையும் பக்கெட்டையும் எடுத்துவந்து படிக்கட்டடியில் இருந்ததை மிச்சமில்லாமல் அள்ளி நீலப் பெட்டியில் ஊற்றினார். அது மல்லுக்கட்டவில்லை. ஜல்லியைக் கிளறிப் புது ஜல்லி போட்டார். பெட்டியை இறுக மூடிக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்.

கவுண்டி ரோட்டில் அந்த வாரத்துத் தண்ணீர்கள் ஏழும் அவரைத் தாண்டிப் போயின, ஒவ்வொன்றும் தன் வண்டிக்குப் பின்னால், வலது ஓரமாக. அவர் புல்லில் இறங்கி நின்று வழிவிட்டார், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். கடைசியாகப் போனது அவருக்கு எதிரில் கொஞ்சம் நின்று போனது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி இழுத்தபோது பெட்டி வழக்கத்தைவிடக் கனத்தது. சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது மைதானத்தின் பக்கமாகப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். இறக்க வேண்டிய இடத்துக்கு இன்னும் ஒன்றரை மைல் இருந்தது.