பத்தாவது குறிப்பு

அக்காவின் முன்கையில் காய்ந்து ஒட்டியிருந்த பற்பசையை நர்ஸ் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். கொதிக்கிற எண்ணெய் தெறித்த இடம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருபது நிமிஷம் குழாய்த் தண்ணில காட்டிட்டு நேரா இங்க வந்திருக்கணும். பேஸ்ட்டை யாரும்மா தடவச் சொன்னது?"

"நெட்ல போட்டிருந்துச்சு," என்று அக்கா ஃபோனை நீட்டினாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். 'பதறாதீர்கள் பெண்களே, பற்பசை இருக்கிறது!' அது நான் எழுதிய வரி.

பதினெட்டு வருடம் முன்பு, தையல் கடை மாடியில் இருந்த ஓர் இணையதள அலுவலகத்தில். நாலு கம்ப்யூட்டர், ஒரே மின்விசிறி. அதுவும் ஆசிரியர் பக்கம் மட்டுமே திரும்பும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. அன்றைய நெட் வேகத்தில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். சமையல், அழகு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் நானும் என் தோழியும்தான் நிபுணர்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அப்படி ஒரு காலம் எனக்கு மறுபடி வாய்க்கவே இல்லை. இப்போதும் தையல் மெஷின் சத்தம் கேட்டால் கால் தானாக நின்றுவிடுகிறது.

அவசரத்தின் சட்டம் ஒன்றுதான்: எதுவானாலும் பத்துக் குறிப்பு. தீக்காயத்துக்கு ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி ஒன்பது தேற்றியிருந்தேன்.

"ஒன்பதுன்னு போட்டா எவன் படிப்பான்? இன்னொண்ணு தட்டிவிடும்மா!" என்று அவர் கத்தினார்.

"பேஸ்ட்டுன்னு போடு. வாயில வச்சா ஜில்லுனு இருக்குல்ல," என்றாள் தோழி.

போட்டேன். பிரமாதம் என்று அவசரம் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தளம் எப்போதோ மூடிப்போனது. பத்தாவது குறிப்பு மட்டும், மற்ற ஒன்பதையும் வழியில் உதறிவிட்டு, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தழும்பு நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டுப்போட்ட கையோடு அக்கா வாசலுக்கு நடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் முடியவில்லை.

"அக்கா, அதை எழுதினது நான்தான். பத்து ஆகணுமேன்னு சும்மா எழுதினேன்."

அக்கா நின்றாள்.

"நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியாதாடி? அப்போ நீ எழுதின ஒண்ணு விடாம படிச்சவ நான். தண்ணில காட்டுன்னுகூட இன்னொருத்தர் போட்டிருந்தாரு. அதை விட்டுட்டு உன்னோடதைத்தான் நம்பினேன்."