இருபத்து மூன்றாம் டோக்கன்

ப்ரியங்காவுக்கு எழுத்துகள் தெரியாமல் இல்லை. தனித்தனியாகக் காட்டினால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லுவாள். அவை சேர்ந்து ஒரு வரியாக நின்றால்தான் பிடிகொடுக்காது. ‘மரகதம்’ அவளுக்குக் ‘கரமதம்’ ஆகிவிடும். கீழ்வரிக்குப் போவதற்குள் மேல்வரியில் என்ன இருந்தது என்பது போய்விடும். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அவளைச் சோம்பேறி என்றார்கள், கவனமில்லாத பிள்ளை என்றார்கள். அவளுடைய அம்மா அழகம்மாளும் அப்படித்தான் நம்பினாள். அதற்காக இரண்டு முறை அடித்தும் இருக்கிறாள்.

அழகம்மாள் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். கணவன் வீரய்யா கத்தாரில் லாரி ஓட்டினான். மூத்தவள் வனிதா காலேஜ் முடித்து வீட்டில் இருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் பாதியில்தான் ராஜலட்சுமி டீச்சர் வந்தார். சிறப்பாசிரியை. ஐந்து பள்ளிக்கூடங்களுக்கு அவர் ஒருவர்தான் என்பதால் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஸ்கூட்டியில் வந்துபோவார். ப்ரியங்காவை உட்காரவைத்து இரண்டு நாள் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை வந்தபோது சிலேட்டு மாதிரி ஒரு டேப் கொண்டுவந்தார். புத்தகத்தின் பக்கத்துக்கு மேலே அதைப் பிடித்தால் போதும், ஒரு பெண் குரல் வரிவரியாக வாசிக்கும். வாசிக்கும் சொல் திரையில் மஞ்சளாகும். அந்தக் குரலுக்கு ழகரம் சரியாக வராது. எங்கே மூச்சுவிட வேண்டும் என்றும் தெரியாது. ப்ரியங்காவுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக் கேட்டாள்.

தமிழாசிரியர் குணசேகரனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “மிஷின் படிச்சா மார்க்க மிஷினுக்குத்தான போடணும்” என்றார். பிறகு ஒருநாள் அவளை எழுப்பிப் பாடத்தில் கேள்வி கேட்டார். அவள் சொன்னாள். அடுத்ததையும் கேட்டார். பாடத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் சொன்னாள். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். “ஒக்காரு. இத்தன நாளா இத எங்கம்மா வச்சிருந்த?” என்றார்.

சனி, ஞாயிறுகளில் டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோக டீச்சர் அனுமதித்தார். அழகம்மாள் கொட்டகையிலிருந்து வந்து, முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது, சிறுநீரகம் எப்படி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து கதைபோலச் சொல்லுவாள். அழகம்மாளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் தண்ணீரை ஊற்றாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்பாள்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் வகுப்பு ஆசிரியர்கள் வழக்கம்போல அவளுக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டாமல், பொதுத்தேர்வு மாதிரியே நடத்தினார்கள். ப்ரியங்கா தமிழில் பத்தொன்பது, சமூக அறிவியலில் இருபத்தொன்று. அந்த வாரமே ராஜலட்சுமி டீச்சர் கொட்டகைக்கு வந்து அழகம்மாளை வெளியே கூப்பிட்டார்.

“பொதுத்தேர்வுல டேப்ப உள்ள விட மாட்டாங்கம்மா. ஆனா ஒரு வழி இருக்கு. டாக்டருங்க பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தா, கேள்விய படிச்சுக் காட்டி, இவ சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஒரு ஆள் போடுவாங்க. ஒரு மணி நேரம் கூடுதலாவும் கெடைக்கும். வியாழக்கெழம புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரில முகாம். நீங்க கண்டிப்பா கூட வரணும்.”

“அதுல என்னான்னு எழுதுவாக டீச்சர்?”

“கற்றல் குறைபாடுன்னு.”

“கொறன்னே எழுதுவாகளா?”

“அது ஒரு பேரும்மா. மூளைல கோளாறுன்னு அர்த்தம் இல்ல. ஒங்க பொண்ணு எவ்வளவு சூட்டிகைன்னு ஒங்களுக்கே தெரியும்ல.”

அழகம்மாள் தலையாட்டினாள். வனிதாவை அரிமளத்திலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. ஜாதகம் பொருந்தி, பார்த்துவிட்டும் போய், பதிலுக்குக் காத்திருந்த நேரம் அது. இரவு வீரய்யாவிடம் போனில் சொன்னபோது, “அவுக விசாரிக்கிற நேரத்துல இது தேவையா? நீ பாத்து செய்யி” என்றான். பாரம் முழுவதும் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

ஆனாலும் வியாழக்கிழமை புறப்பட்டாள். மகளுக்குப் புதுச் சுடிதாரை எடுத்துக் கொடுத்தாள். புதுக்கோட்டை பஸ்ஸில் ப்ரியங்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டர் என்ன கேட்பார், எழுதித் தருகிறவர் ஆணா பெண்ணா, தெரியாத ஆளிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் முகாம். சக்கர நாற்காலிகளில் பிள்ளைகள், இடுப்பில் தூக்கிவைத்த பெரிய பிள்ளைகள், காது கேட்கும் கருவி மாட்டிய பிள்ளைகள். சுவரில் மாற்றுத்திறனாளிகள் மருத்துவ முகாம் என்று பெரிய பேனர். அழகம்மாளிடம் இருபத்து மூன்றாம் எண் டோக்கனைக் கொடுத்தார்கள். பதினெட்டு வரை போயிருந்தது. டேப்போடு ராஜலட்சுமி டீச்சர் உள்ளே டாக்டரிடம் பேசப் போயிருந்தார்.

அப்போதுதான் அழகம்மாள் பார்த்தாள். எதிர் வராண்டாவில், கையில் எக்ஸ்ரே கவரோடு மாப்பிள்ளையின் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று வனிதாவின் தலையில் பூ வைத்தவள். இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அழகம்மாள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். “எந்திரி பாப்பா” என்றாள்.

“இன்னும் நாலு பேருதாம்மா இருக்காங்க.”

“எந்திரின்னா எந்திரி.”

மகளின் கையைப் பிடித்து, பேனருக்குப் பின்பக்கமாக, மருந்து வாங்கும் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தாள். பஸ் ஏறும்வரை நிற்கவில்லை. ப்ரியங்கா அந்தப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டாள் என்று அழகம்மாளுக்குத் தெரியும். ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழகம்மாள் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் கேட்கவில்லை. போகும்போது அத்தனை பேசியவள், திரும்பும்போது டோக்கனை விரலில் சுருட்டிக்கொண்டே வந்தாள்.

டீச்சரிடமிருந்து ஏழு முறை போன் வந்தது. எட்டாவது முறை எடுத்து, “பாப்பாவுக்குத் தல சுத்திருச்சு டீச்சர். அடுத்த முகாமுக்கு வாரோம்” என்றாள்.

“அடுத்த முகாம் வாரதுக்குள்ள சர்ட்டிபிகேட்ட பரீட்சைக்கு அனுப்புற தேதி முடிஞ்சிரும்மா” என்றார் டீச்சர். “நா திரும்பி வந்து பாத்தா நாற்காலி காலியா இருக்கு. நா கேட்டுக்கிட்டதுக்காக டாக்டர் இவளத்தான் அடுத்து கூப்பிடுறதா இருந்தாரு.” வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

மறுவாரம் அரிமளத்திலிருந்து சம்மதம் வந்தது.

மார்ச் மாதம் பரீட்சை. தமிழ்ப் பரீட்சை அன்று அழகம்மாள் கொட்டகைக்கு லீவு போட்டுவிட்டு மையத்தின் வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். பிள்ளைகள் வெளியே வந்து கும்பலாக நின்று விடைகளைச் சரிபார்த்தார்கள். ஒருத்தி நெடுவினா ஒன்றைச் சொல்லி, இதற்கு என்ன எழுதினாய் என்று கேட்டாள். ப்ரியங்கா முதலிலிருந்து கடைசிவரை விடையைச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் வாயடைத்துக் கேட்டார்கள். “ஏய், புல் மார்க்குடி ஒனக்கு” என்றாள் ஒருத்தி.

“நா எழுதல” என்றாள் ப்ரியங்கா. “அந்தக் கேள்விக்கே போகல. முன்னால உள்ளத படிச்சு முடிக்கவே மணி அடிச்சிருச்சு.”

அழகம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மகள் வாங்கிக் குடித்தாள், மூடியைத் திருகிக் கொடுத்தாள், பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

மே மாதம் முடிவு வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் சமூக அறிவியலிலும் தோல்வி. வைகாசிக் கடைசியில் வனிதாவின் கல்யாணம்.

கல்யாணத்துக்கு மறுநாள் அரிமளத்தில் மறுவீட்டு விருந்து. பெண்கள் பந்தியில் சம்பந்தியம்மா அழகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல மனுஷி, கலகலவென்று பேசுகிறவள். எதிர்வரிசையில் ஒரு பையனைக் காட்டி, “எங்க மக வயித்துப் பேரன். மெட்ராஸ்ல படிக்கிறான். எழுத்து கூட்டிப் படிக்க வராது அவனுக்கு, டிஸ்லெக்சியாங்கிறாக. சர்ட்டிபிகேட் வாங்கி வச்சிருக்கோம். இவன் சொல்ல ஒருத்தர் எழுதுறாரு. இந்தப் பத்தாவதுல நானூத்தி பத்து எடுத்திருக்கான்” என்றாள். பிறகு, “ஏன் எலைல அப்படியே இருக்கு, சாப்பிடுங்க சம்பந்தி” என்றாள்.

அழகம்மாள் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று தெரியவில்லை. இரண்டு இலை தள்ளி ப்ரியங்கா உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மாவின் குரல் பெரியது. ப்ரியங்காவின் காதில் விழாமல் இருந்திருக்காது. அழகம்மாள் அந்தப் பக்கம் திரும்ப முயன்றாள், கழுத்து வரவில்லை.

திங்கட்கிழமை அழகம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ராஜலட்சுமி டீச்சருக்கு வேறு ஒன்றியத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். டேப் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவனிடம் இருந்தது. அழகம்மாள் டீச்சரிடம் போனில் பேசினாள். இந்த முறை நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டீச்சர் முழுவதும் கேட்டுவிட்டு, “இப்பவும் வாங்கலாம்மா. தனித்தேர்வரா எழுதுனாலும் ஆள் போடுவாங்க. ஆஸ்பத்திரில விண்ணப்பப் பாரம் வாங்கிக்கங்க. அவள கூட்டிக்கிட்டுத்தான் போகணும்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அழகம்மாளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

புதுக்கோட்டைக்குத் தனியாகப் போய்ப் பாரத்தை வாங்கி வந்தாள். ப்ரியங்கா அப்போது தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் அழகம்மாள் அவளை உட்காரவைத்து, பாரத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். அழகம்மாள் ஐந்தாவது வரைதான். விண்ணப்பதாரரின் பெயர், பாதுகாவலரின் பெயர், குறைபாட்டின் தன்மை என்று விரலை வைத்து வைத்து, தடுமாறி, மூன்று பக்கத்தையும் வாசித்தாள். மகள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“போவமா பாப்பா? வியாழக்கெழமை போவம். யார் பாத்தாலும் பரவாயில்ல.”

“இது ஒனக்காகவாம்மா, எனக்காகவா?”

அழகம்மாள் உனக்காகத்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

“எனக்காகத்தான்” என்றாள். “எனக்கு ஒறக்கம் வரல.”

ப்ரியங்கா பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரில, அந்த அம்மா நம்மள பாக்கவே இல்லம்மா. நா அவுகளையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். எக்ஸ்ரேயத்தான் பாத்துக்கிட்டு நின்னாக.” அவள் குரல் உயரவில்லை. “நீ என் கையப் புடிச்சுக்கிட்டு ஓடுனேல்ல, அப்பத்தான் எனக்கு எதோ பெரிய சீக்குன்னு நெனச்சேன்.”

அழகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப வேணாம்மா. எனக்குப் போகணும்னு தோணுச்சுன்னா நானே கேக்குறேன்.”

பாரத்தை நான்காக மடித்து, அம்மாவிடம் கொடுக்காமல், தன் தையல் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, காயப்போட்டிருந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். அழகம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஆடி பிறந்தது, ஆவணியும் வந்தது. ப்ரியங்கா இன்னும் கேட்கவில்லை.