உப்புப் பார்த்தவள்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் இக்னாட் நாள், அந்த ருமேனிய ஊரின் பன்றிகளுக்குப் போதாத காலம். உணவு ஆய்வாளர் தோம்னிகாவுக்கும்தான். மற்ற நாட்களில் அவள் தெருவில் இறங்கினாலே ரொட்டிக்கடைக்காரர்கள் தலைத்தொப்பியைத் தேடி ஓடுவார்கள். அன்று மட்டும் ஊரே அவளைத் தேடி வரும். வீட்டில் அறுத்த பன்றியின் தசைத்துண்டு ஒன்றை அவளிடம் கொடுத்து, புழு இல்லை என்று அவள் சொன்ன பிறகே இறைச்சியைத் தொட வேண்டும். சட்டம் அப்படி. சட்டத்தை யார் மதித்தார்கள்? பாதிப் பேர் வாயில் கொழுப்பு மின்ன வந்து நின்று, இன்னும் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

அவளுடைய சம்பந்தி கிளிகோர் அப்படிப்பட்டவர் அல்ல. தோம்னிகா என்றால் அவருக்குக் கொஞ்சம் உதறல். அன்றைக்கும் துண்டைத் துணியில் சுற்றிப் பவ்யமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

உடனே மகளுக்குப் போன் செய்தாள். இலிங்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் மூன்றாவது மாதம். அந்த வீட்டில் சாசேஜுக்கு அரைத்த பச்சை இறைச்சியில் பூண்டும் மிளகும் பிசைந்ததும் மருமகள்தான் வாயில் போட்டு உப்புப் பார்க்க வேண்டும். கண்றாவிப் பழக்கம் என்று ஒவ்வொரு வருஷமும் தோம்னிகா சண்டை போடுவாள். மாமியார் இறைச்சி பிசைந்த கையோடு காத்திருக்கிறாள், அம்மா சொல்லாமல் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றாள் இலிங்கா. சந்தோஷமான நாள். அதுவும் தன் கண்ணாலேயே பார்த்த இறைச்சி.

"நானே பாத்துட்டேன்டி. கொஞ்சமா நாக்குல வச்சுக்க" என்றாள் தோம்னிகா.

கிளிகோர் கிளம்பவில்லை. வரிசையில் அடுத்து நின்ற தன் பக்கத்து வீட்டு கவ்ரிலோடு பேசிக்கொண்டிருந்தார். கவ்ரில் தன் துண்டை நீட்டியபடியே சிரித்தான்.

"என்ன டாக்டரம்மா, என் பன்னிக்கு மட்டும் ரெண்டு தடவை பரீட்சையா?"

தோம்னிகா சம்பந்தியைப் பார்த்தாள். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க பன்னியோட துண்டை வழியில நாய் தூக்கிட்டுப் போயிருச்சு, சம்பந்தியம்மா. வெறுங்கையோட வந்தா நீங்க திட்டுவீங்கன்னு இவன் பன்னியில கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன். நாங்க கையால சோளம் போட்டு வளத்த பன்னி, அதுக்கு என்ன வந்துடப் போகுது?"

அவள் மகளுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. இலிங்காவை எதையும் வாயில் வைக்க விடாதீர்கள், உங்கள் பன்றியின் நாக்கை அறுத்துக்கொண்டு வாருங்கள், புழு இருந்தால் அதில்தான் தெரியும் என்று கிளிகோரை விரட்டினாள். வீடு அடுத்த தெருதான். அந்தப் பருத்த மனிதர் தொப்பி விழுந்ததைக்கூட எடுக்காமல் ஓடினார்.

திரும்பி வந்து நாக்கை மேசையில் வைத்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கோ, இலிங்கா வாயில் வைத்துவிட்டாளா என்று கேட்கத் தைரியம் இல்லை.

நுண்ணோக்கியில் குனிந்தாள். தசைநாருக்குள் புழு சுருண்டு கிடந்தது. தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு மோசமான இறைச்சியை அவள் பார்த்ததில்லை. மருந்து உண்டு. ஆனால் வயிற்றில் மூன்று மாதப் பிள்ளையோடு இருப்பவளுக்கு அதைக் கொடுக்க எந்த மருத்துவரும் தயங்குவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

போன் அடித்தது. இலிங்காதான்.

"மாமா எதுக்கும்மா அப்படி அலறிக்கிட்டு வந்தார்? இங்க எல்லாரும் பயந்துட்டாங்க. நீ பாத்துச் சொன்ன பிறகுதானே நான் வாயில வச்சேன்?"

"அம்மா? சொல்லும்மா" என்று இலிங்கா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.