மூக்குப் பாரம்

அண்ணனுக்கு நினைவு தப்பி ஐம்பத்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மூளையில் வீக்கம் வடிய வேண்டும், அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். புத்தூரில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஐ.சி.யூ. கதவுக்கு எதிரே அம்மாவும் மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மாலையில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். அம்மா போய்விட்டு வந்தாள்.

"காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருக்கு. ஏசியைக் குறைக்கச் சொல்லு யமுனா."

நர்ஸிடம் போய்ச் சொன்னேன். முடியாது என்றார். அம்மாவிடம், குறைத்துவிட்டார்கள் என்றேன்.

மாமா பெயர் பெரியண்ணன், அம்மாவின் தம்பி. துறையூரிலிருந்து வந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரே பேச்சுதான்.

"எஸ்.ஐ. இப்ப வந்துருவாருக்கா. அவன் இடிச்சான்னு சொல்லு, போதும். கேஸ் ஆயிருச்சுன்னா பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிருவாங்க. அப்புறம் ஷார்ஜாவுக்கு எப்படிப் போறான்னு பார்க்கிறேன்."

அவன் என்று மாமா சொன்னது ஹாலித் அண்ணனை. ஞாயிற்றுக்கிழமை காவிரியில் எங்கள் அண்ணன் வளவனின் படகு கவிழ்ந்தபோது, பக்கத்தில் இன்னொரு படகை ஓட்டியவர். அடுத்த மாதம் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

அம்மா தலையை ஆட்டினாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹாலித் அண்ணனுக்கு வீடு பாலக்கரையில். ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக். டிராக் ரேஸ் என்ற படகுப் போட்டிப் பேச்சை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு படகு, ஒரு நேர்கோடு, நானூறு மீட்டர். முதலில் யார் என்பது மட்டும்தான். அண்ணன் ஸ்ரீரங்கத்தில் டூ-வீலர் பட்டறை வைத்திருந்தான். கேட்டவுடன் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. இருவரும் ஆளுக்கொரு ஃபைபர் படகு வாங்கி, பின்பக்கம் பழைய கார் இன்ஜினைப் பொருத்தினார்கள். அதன் பிறகு, ஹாலித் அண்ணன் லீவில் வருகிற ஆடி மாதம் காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும்போதெல்லாம், முக்கொம்புக்கு மேற்கே ஞாயிறு காலைகளில் ஓட்டினார்கள். பார்த்துவிட்டு முசிறிப் பக்கத்திலிருந்தும் சிலர் படகோடு வந்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஒரு தடவை அண்ணன் என்னையும் உட்கார வைத்து ஓட்டினான். முதலில் ஆற்றையே இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது. பிறகு படகின் அடி தண்ணீரை விட்டது. சத்தம் மாறியது. முதுகை யாரோ பலகையோடு வைத்து அழுத்தினார்கள். வாழைத்தோப்பும் மின்கம்பங்களும் கரையில் நின்ற ஆட்களும் ஒரே பச்சைக் கோடாக ஓடினார்கள். கீழே காவிரி தார்ரோடு மாதிரி கெட்டியாக இருந்தது. நான் கத்தவில்லை. இறங்கிய பிறகு, "இன்னொரு தடவை போகலாமா?" என்று மட்டும் கேட்டேன். நான் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அதனால் அண்ணன் அதை ஒரு மாதம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்.

ஆபத்து முழுக்க மூக்கில்தான் இருந்தது. படகின் முன்நுனியை அவர்கள் மூக்கு என்பார்கள். இன்ஜின் பின்னால் இருப்பதால் வேகம் ஏற ஏற மூக்கு மேலே தூக்கும். ஆடிக் காற்று அடியில் புகுந்துவிட்டால் படகு பின்பக்கமாகப் புரண்டுவிடும். அதற்காக மூக்கில் பாரம் வைப்பார்கள். முதல் வருஷம் மணல் மூட்டை வைத்தார்கள். டெம்போவில் இரண்டு மணல் மூட்டையைப் பார்த்த போலீஸ்காரர், மணல் கடத்தலா என்று அரை நாள் ரோட்டில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன், பிசிக்ஸ் படித்த என்னிடம் வந்து, "பிசிக்ஸ், வேற என்ன வைக்கலாம் சொல்லு," என்றான்.

தண்ணீர்க் கேன் வைக்கலாம் என்றேன். ஆனால் அது வாய் வரை நிரம்பியிருக்க வேண்டும். பாதிக் கேன் என்றால் எடை பாதி. அதுகூடப் பரவாயில்லை, படகு பாயும்போது மிச்சத் தண்ணீர் பின்பக்கம் ஓடிவிடும். எந்த நேரத்தில் முன்னால் பாரம் வேண்டுமோ அந்த நேரத்தில் அது அங்கே இருக்காது.

அண்ணன் எங்கள் வீட்டுக் கேனையே எடுத்துக்கொண்டான். அடியில் குழாய் வைத்த நீலக் கேன். நிரப்பி, மூடியை இறுக்கி, நழுவாமலிருக்க ஈரச் சாக்கைச் சுற்றி, சைக்கிள் டியூபால் மூக்கில் கட்டினான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

இந்த ஞாயிறு அம்மா முதல் தடவையாகப் பார்க்க வந்தாள். எலுமிச்சைச் சாதம் கிளறி, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஹாலித் அண்ணன் தன் படகுக்குத் தன் குழந்தை சம்ரீன் பெயரை எழுதியிருந்தார்.

"உம் பொண்ணு பேரை வச்சிருக்கியேடா, அது இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல," என்றான் அண்ணன்.

"நடக்கலைன்னாலும் தவழ்ந்து வந்து உன்னை முந்தும் மாப்ள. அம்மா, இவனுக்கு ஒரு சாதப் பொட்டலம் கட்டி வைங்க. தோத்துட்டு அழும்போது திங்கட்டும்."

அம்மா சிரித்தாள். நான் கொடியை எடுத்துக்கொண்டு முடிவுக் கோட்டுக்கு நடந்தேன். அங்கே நிற்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டாம்.

அங்கிருந்து பார்த்தால் படகுகள் நேராக என்னை நோக்கி வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு லாரி போகிற இடம் இருந்தது. பாதித் தூரத்தில் அண்ணனின் படகு மூக்கைத் தூக்கியது. எப்போதும் கொஞ்சம் தூக்கும், உடனே இறங்கும். இறங்கவில்லை. படகின் வெள்ளை வயிறு முழுவதும் தெரிந்தது. பிறகு அது அப்படியே எழுந்து நின்று, பின்னால் மல்லாந்தது. ஹாலித் அண்ணன் அதைப் பார்த்த பிறகுதான் தன் படகை அந்தப் பக்கம் திருப்பினார். ஓடுகிற படகிலிருந்தே குதித்தார். என் கையில் கொடி இருந்தது. அதை ஏன் ஆட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கரையில் நின்றவர்கள் எல்லாரும் அவர் இடித்தார் என்றார்கள். வீடியோக்களும் அதைத்தான் காட்டின. பக்கவாட்டில் எடுத்தால் நடுவில் இருக்கும் தூரம் தெரியாது. இரண்டு படகும் ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரியும்.

"எம் மனசு ஆறவே மாட்டேங்குது," என்றாள் அம்மா, மாமாவிடம். "அந்த ஹாலித் வந்து, வெயில்ல நின்னு தொண்டை வறண்டு போச்சும்மான்னான். ரெண்டு டம்ளர் தண்ணி நானேதான் குடுத்தேன். குடிச்ச வாய் காயறதுக்குள்ள எம் புள்ளைய இடிச்சுட்டானே."

"நீ ஊருக்கே குடுப்பே," என்றார் மாமா.

"அன்னைக்கு ஊருக்கேதான் குடுத்தேன். எம் புள்ள எவ்வளவு நெனப்பா கேன் வச்சிருந்தான் தெரியுமா? தண்ணீர்ப் பந்தல்ல வைக்கிற மாதிரியே ஈரச் சாக்கைச் சுத்தி, குழாய் வெளியில தெரியற மாதிரி. நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். "எந்தக் கேன்மா?"

"நம்ம வீட்டுக் கேன்தான். படகு முன்னாடி கட்டியிருந்தானே. படகைக் கரையில ஏத்தி வச்சிருந்தாங்க, கைக்கு எட்டற மாதிரி இருந்துச்சு."

"எவ்வளவு குடுத்தே?"

"தண்ணிக்கு யாருடி கணக்கு வைப்பா? பாட்டில்ல பிடிச்சுட்டுப் போனதுங்களும் உண்டு. படகைத் தள்ளப் போறோம், நகருங்கம்மான்னு சொல்ற வரைக்கும் ஊத்திட்டுத்தான் இருந்தேன். வளவன் அந்தாண்ட இன்ஜினுக்குள்ள தலைய விட்டுட்டு நின்னான். அவன் ஒரு வாய் குடிக்கல." அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அவனுக்கு மட்டும் குடுக்காம விட்டுட்டேன்."

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். படிக்கட்டில் இறங்கினேன்.

வாசலில் வண்டி நிறுத்துமிடத்துச் சுவர் ஓரமாக ஹாலித் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மாமா மேலே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்ட அதே சட்டை. ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எழுந்து நின்றார்.

"கண்ணு முழிச்சானா?"

"இல்லண்ணே."

"சம்ரீன் அம்மா கஞ்சி குடுத்து விட்டிருக்கு. அம்மா சாப்பிடுவாங்களா?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாம குடுக்கிறேன்."

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "அண்ணே, அந்தக் கேன்..." என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"படகைக் கரைக்கு இழுத்துப் புரட்டினோம்ல, அப்பவே. கட்டு அவுறல. மூடியும் கழறல. தூக்கினா ஒரு கையில வருது." கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன் யமுனா. எங்கேருந்து பிடிச்சுக் குடுக்கிறாங்கன்னு திரும்பிப் பார்க்கல. அம்மா குடுத்தாங்க, குடிச்சேன்."

"எஸ்.ஐ. வர்றாரு. நீங்க இடிச்சீங்கன்னு சொல்லப் போறாங்க."

"சொல்லட்டும். வளவன் எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு."

"எந்திரிக்கலைன்னா?"

ஒரு ஆட்டோ வந்து நின்று, யாரையோ சக்கர நாற்காலியில் இறக்கினார்கள்.

"எந்திரிக்கலைன்னா, அம்மாவுக்கு அது ஒண்ணே போதும். இதையும் சேர்த்துச் சுமக்க வைக்காதே."

"உங்க பாஸ்போர்ட்?"

"நீ மேல போ. கஞ்சி ஆறிடும்."

மாடிக்கு ஏறும்போது இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் அம்மா இனி எந்த வீட்டு விசேஷத்திலும் ஒரு டம்ளர் தண்ணீரை நிம்மதியாக நீட்ட மாட்டாள். சொல்லாவிட்டால் நடக்கத் தொடங்காத ஒரு குழந்தையின் அப்பா ஜெயிலுக்குப் போவார். அண்ணன் விழித்தால் இரண்டும் வேண்டாம். அண்ணன் விழிப்பதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

எஸ்.ஐ. எனக்கு முன்பே லிஃப்டில் வந்துவிட்டிருந்தார். வியர்த்திருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யமுனா, சாருக்குத் தண்ணி குடு," என்றாள் அம்மா.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். பையில் அதே எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சொல்லுங்கம்மா. அந்தப் பையன் படகு வந்து இடிச்சதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்," என்றாள் அம்மா.

"வேணும்னேதான் இடிச்சான்," என்றார் மாமா. "ஜெயிக்கணுங்கிற வெறி."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"நான் துறையூர்ல இருந்தேன் சார்."

"அப்ப இருங்க. வேற யாரு பார்த்தது?"

"இவ இருந்தா," என்றாள் அம்மா. "கொடி பிடிச்சுக்கிட்டு அந்தக் கோடியில. இவ எதுவும் பேச மாட்டா சார்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது, சாய்த்தபோது ஒரு பக்கமாக ஓடியது.

"இடிக்கல," என்றேன்.

"என்னடி?" என்றார் மாமா.

"நான் நேருக்கு நேரா பார்த்தேன். நடுவுல நிறைய இடம் இருந்துச்சு. கவுந்த பிறகுதான் அவர் படகைத் திருப்பினாரு. தூக்குறதுக்கு."

"இவளுக்கு என்ன சார் தெரியும்? வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினது கிடையாது. கீழே போய் அவனைப் பார்த்துட்டு வந்திருக்கா. தூக்குச்சட்டியைப் பாருங்க."

எஸ்.ஐ. மாமாவைக் கையமர்த்தினார். "இடிக்கலைன்னா எப்படிம்மா கவுந்துச்சு? ஓடுற படகு தானா மல்லாக்காத் திரும்புமா?"

ஐ.சி.யூ. கதவு திறந்தது. மூவரும் திரும்பினோம். ஒரு வார்டு பாய் காலி டிரேயோடு போனார். கதவு மூடிக்கொண்டது.

அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்றிருந்தது. குரலில் கோபம் இல்லை. "சொல்லு யமுனா. நீதான் படிச்சவ. எதனால அப்படி ஆச்சு? எனக்குத் தெரியணும்டி."

டம்ளரை நாற்காலியில் வைத்தேன்.

"அந்தக் கேன் குடிக்க வச்சது இல்லம்மா. படகு மூக்கைத் தூக்காம இருக்க அண்ணன் வச்ச பாரம். அந்தத் தண்ணியைத்தான் நீ எல்லாருக்கும் குடுத்துட்டே."