பதினாலாம் அறையில் எதிர்பார்க்கப்படும் வலிப்பு

அந்த ஆஸ்பத்திரியில் எட்டு மணி ஆக வேண்டுமென்றால் சூப்பிரண்டு கையெழுத்துப் போட வேண்டும். அன்று அவர் இன்னும் போடவில்லை. அதனால் வராந்தாவில் இருந்த எல்லாக் கடிகாரங்களும் ஏழே முக்காலில் நின்றன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாள் மத்தியானம் வரைக்கும் ஏழே முக்காலாகவே இருக்கும்.

செண்பகவடிவுக்கு மட்டும் கவலையாக இருந்தது. காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று, அவளுக்கு வலிப்பு மாத்திரை. ஆறு வருஷமாக ஒரு வேளை தவறியதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வடை சுடுகிறவள் அவள். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் எண்ணெய்ச் சட்டிக்கு எதிரில் நின்றபடியே விழுந்தாள். இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அந்தத் தழும்பை அவள் யாரிடமும் மறைப்பதில்லை. அவள்தான் அதைப் பார்ப்பதில்லை.

இப்போது முந்தானை முடிச்சில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது. அடுத்த மாதத்துக்கு வாங்க வந்திருந்தாள்.

உள்ளே போகும்போது வாசல் வேப்பமரத்துக்கு வணக்கம் சொன்னாள். அவளுக்கு முதன்முதலில் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு அந்த மரமாகத்தான் நிற்கிறார். வேலையில் இருந்தபோது ஓயாமல் பேசுவார். "நீயா நிறுத்தாத. உடைக்காத, மெல்லாத, முழுசா முழுங்கு. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னு மறுவேளை ரெண்டாப் போடாத. வயித்துல ஏதாவது இருக்கணும். அடுத்த ஆளுக்குக் குடுக்காத." இப்போது பேசுவதில்லை. மரமானால் அப்படித்தான்.

கவுண்டரில் குமாஸ்தா அவளுடைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா வலிப்பு வந்துச்சு?"

"ஆறு வருஷம் ஆச்சு சார்."

"அப்பம் ஒங்களுக்கு வியாதி இல்ல."

"மாத்திரை போடுதேன். அதனால வரல."

"மாத்திரை போடுததுக்காக மாத்திரை குடுக்க முடியாதும்மா. வலிப்புக்குத்தான் குடுக்கோம்."

"நிறுத்துனா வந்துரும் சார்."

"வரட்டும். வந்த பெறகு வாங்க."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே பிள்ளை அழுததற்கு இரண்டு சாட்சிகளும் வேண்டும். குமாஸ்தா ஒரு படிவத்தைத் தள்ளினார். "பதினாலாம் ரூம்ல போய் உக்காருங்க. வந்ததும் ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும். முடிச்சுல வச்சிருக்கத முழுங்கிட்டியன்னா விண்ணப்பம் தள்ளுபடி."

முடிச்சு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று வடிவு கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

பதின்மூன்றாம் அறைக்கும் பதினாலாம் அறைக்கும் நடுவில் அன்று இருபத்திரண்டு அறைகள் இருந்தன. நடந்தாள். நடக்க நடக்க இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரு பெஞ்சும், பெஞ்சில் ஒரு மனிதரும் இருந்தார்கள். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"கோமதிநாயகம்," என்று தன்னைக் காட்டிச் சொன்னார். "நீங்க வலிப்பா, மனசா?"

"வலிப்பு."

"நான் மனசு. மாத்திரை ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

அவர் முன்பெல்லாம் ஒரு வாரம் கண் மூடாமல் வீடு முழுக்க வெள்ளையடிப்பார். மறு வாரம் பாயை விட்டு எழ மாட்டார். மாத்திரை போட ஆரம்பித்து எல்லாரையும்போல ஆகிவிட்டார். எல்லாரையும்போல இருப்பவருக்கு மாத்திரை எதற்கு என்று குமாஸ்தா கேட்டார். ஒன்று சிரிக்க வேண்டும், இல்லை அழ வேண்டும், அதுவும் அதிகாரி முன்னால். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது நாள் ஆகிறது.

"சிரிப்பு வரலியா?"

"வருது. அதிகாரி சாப்பிடப் போனப்பம் வருது."

அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வடிவின் முடிச்சையே பார்த்தார். "அதுல பாதி தாங்களேன்."

"உடைக்கக் கூடாதுண்ணே. குடுக்கவும் கூடாது. நீங்க அப்படி நீங்களா நிறுத்தியிருக்கவே கூடாது."

"தெரியும். எனக்கும் அந்த வேப்பமரந்தான் எழுதிக்குடுத்தாரு."

அப்போது ஆயா லூர்தம்மாள் வந்தாள். வார்டைக் கூட்டிப் பெருக்குகிறவள், நல்ல மனசுக்காரி. வடிவின் கையில் ஒரு கொத்துச் சாவியைத் திணித்தாள்.

"என்னக்கா இது?"

"வலிப்பு வருதுன்னு சொன்னாவ. இரும்பு கையில இருந்தா நின்னுரும்லா."

"அதெல்லாம் நிக்காதுக்கா. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும். கையப் பிடிக்க வேண்டாம். வாயில ஒண்ணும் வைக்க வேண்டாம்."

"இருக்கட்டும். ஒரு ஆத்திரம் அவசரத்துக்கு."

அடுத்து நர்ஸ் வந்தாள், சாவி கொடுத்தாள். வாட்ச்மேன் மெயின் கேட் சாவியைக் கொடுத்தார். பார்மசிஸ்டு மருந்து ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, எங்க சித்தப்பாவுக்கும் உண்டு," என்றார். சூப்பிரண்டின் மேசை டிராயர் சாவியும் வந்தது. வெளிநோயாளிகள் வரிசையாக வந்து சைக்கிள் சாவி, பீரோ சாவி என்று வைத்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் வடிவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மடி நிறைந்து பெஞ்சு நிறைந்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

கோமதிநாயகம் மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய அரைஞாண் கயிற்றில் ஒரே ஒரு சாவி தொங்கியது. "இது வீட்டுச் சாவி. இது இல்லன்னா நான் திரும்பிப் போக முடியாது," என்றார். சொல்லும்போது மன்னிப்புக் கேட்பவர் மாதிரி இருந்தது.

சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி நின்றுபோனது. மருந்து ஸ்டோர் திறக்கவில்லை. கக்கூஸ் திறக்கவில்லை. சூப்பிரண்டின் பேனா டிராயருக்குள் இருந்ததால் எட்டு மணியும் ஆகவில்லை. நோயாளி கையிலிருக்கும் இரும்பை வலிப்பு நின்ற பிறகுதான் வாங்கலாம் என்று விதி. எல்லாரும் பதினாலாம் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

"எப்பம்மா வரும்?" என்றாள் நர்ஸ், தணிவாக.

"தெரியலியே."

"கைக்குழந்தைக்காரங்க நிக்காங்க. அதான் கேட்டேன்."

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்," என்றார் வாட்ச்மேன்.

வடிவுக்குக் குற்றவாளி போல இருந்தது. இத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டோமே என்று ஒரு கணம் உண்மையாகவே வலிப்பு வந்துவிடக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் இடது கையில் எண்ணெய் சுட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காற்றே இல்லை, ஆனாலும் வேப்பமரம் ஆடியது. கடிகாரம் என்ன சொன்னாலும், எட்டு மணி எப்போதோ ஆகிவிட்டது என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

சாவிகளுக்கு நடுவிலிருந்து கையை உருவினாள். காலையில் வாங்கிய பன்னைப் பையிலிருந்து எடுத்துத் தின்றாள். முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல், தண்ணீர் ஊற்றி முழுங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி வராது," என்றாள்.

வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்து வராந்தா நெடுகப் போனது. குமாஸ்தா தள்ளுபடி முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அப்போதுதான் கோமதிநாயகம் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது.

வடிவு எழுந்தாள். அத்தனை சாவியும் தரையில் கொட்டியது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பையைத் தலைக்கு அடியில் கொடுத்தாள். சட்டைப் பித்தானைத் தளர்த்தினாள். சாவியோடு ஓடிவந்த லூர்தம்மாளைக் கையால் தடுத்தாள். "தொடாதீங்க. அதுவா நிக்கட்டும்." மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நூற்றுப்பத்தில் நின்றது.

அதற்குள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குமாஸ்தா தள்ளுபடி முத்திரையை ஓரமாக வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அது என் பேரு. விழுந்தது இவரு."

"இந்த ரூம்ல இன்னைக்கு யாருக்கு வலிப்பு எதிர்பாத்தோமோ அவங்க பேர்லதான் எழுத முடியும்."

"அப்பம் இவருக்கு மாத்திரை?"

"அவரு மனசு. மனசுக்காரங்க விழுந்தாச் செல்லாது. சிரிக்கணும், இல்ல அழணும்."

எல்லாரும் குனிந்து அவரவர் சாவியைப் பொறுக்கிக்கொண்டார்கள். டிராயர் திறந்தது, பேனா வந்தது, எட்டு மணி ஆனது. பார்மசிஸ்டு ஒரு மாதத்து மாத்திரையை வடிவின் கையில் கொடுத்தார். ஆறு வருஷமாக அதை வாங்கும்போதெல்லாம் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது வெட்கமாக இருந்தது.

"இவர ஒரு டாக்டர் பாக்கணும்," என்றாள்.

"டாக்டர்தான் வாசல்ல நிக்காருல்லா," என்ற லூர்தம்மாள் கதவை இழுத்து வெளியிலிருந்து பூட்டினாள்.

"அக்கா, உள்ள ஆள் இருக்கோம்."

"அடுத்த மாச வலிப்புக்கு நீங்கதான மொத ஆளு? போயிட்டு வாரதுக்குப் பதிலா இங்கயே இருந்துருங்க."

காலடிச் சத்தம் நெடுநேரம் கேட்டது. வராந்தா இன்னும் நீண்டிருக்க வேண்டும்.

கோமதிநாயகம் கண் திறந்தார். கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுடைய மடியிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தார். படிவத்தின் நகல் பக்கத்தில் கிடந்தது. எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"வலிப்பு வந்துச்சுன்னு போட்டிருக்கு. ஒங்களுக்கா?"



"ஆமாண்ணே. எனக்குத்தான்."

"அடப் பாவமே. நான் தூங்கிட்டேன் போல."

எழுந்து உட்கார இரண்டு தடவை முயன்றார். முடியவில்லை. படுத்தபடியே அரைஞாண் கயிற்றைத் தடவி, நடுங்கும் விரல்களால் முடிச்சை அவிழ்த்தார். வீட்டுச் சாவியை அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"இரும்பு. விட்டுராதீங்க. நின்னுரும்."

அவள் விடவில்லை.