உள்ளறையில் கைதட்டல்

சாமான் வண்டி தெருமுனையில் திரும்பியபோதே ஊருக்குச் செய்தி போய்விட்டது. பீரோவை இறக்க ஆள் வேண்டுமே என்று ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யாரும் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. மாவுக் கையைத் துடைக்காமலே ஓடிவந்த பேக்கரிக்காரர், "மெத்தையை முதல்ல உள்ள கொண்டுபோங்கப்பா, மழை வரும்போல இருக்கு" என்று வீட்டுக்கு உரியவரைப்போல அதட்டினார். பக்கத்து வீட்டு மருந்துக்கடை அக்கா ஒரு தூக்கு நிறைய டீயோடு வந்து நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். எந்த அலமாரியில் எது இருக்க வேண்டும் என்று அவளே முடிவுசெய்து, அடுக்கியும் முடித்துவிட்டாள்.

கையில் டம்ளரோடு வாசலில் நின்ற, புதிதாகக் குடிவந்த கண்ணாடிக்காரரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெருநகரத்து அடுக்குமாடி ஒன்றில் எட்டு வருடம் குடியிருந்துவிட்டு வந்தவள் அவள். காலி செய்துகொண்டு கிளம்பிய அன்று லிஃப்டில் எதிர்வீட்டுப் பெண், "புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே விசாரிப்பு அதுதான்.

இந்த ஊருக்கு வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். கணவருக்கு மனமில்லை. நகரத்தில் ஒரு பெரிய கண்ணாடிக்கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. முன்னால் நின்று பேச வேறு ஆள் இருந்தார். அது அவருக்குத் தோதாக இருந்தது. சிறு வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரில் நிற்பவர் வேறெங்கோ பார்க்கத் தொடங்குவார்.

"சின்ன ஊர்ல எல்லாரும் பேசுவாங்க. பெரிய ஊர்ல யாரும் பேச மாட்டாங்க. எனக்கு அதுதான் வசதி," என்று அவர் அவளிடம் சொன்னார். தடங்கல் இல்லாமல்தான் சொன்னார். உலகத்தில் அவளிடம் பேசும்போது மட்டும் அவருக்குத் திக்காது.

"எனக்கு வசதி இல்லையே," என்றாள் அவள். "சுவரோட பேசிப் பேசி, சுவருக்கே என்மேல அலுப்பு வந்துடுச்சு."

வந்தார்கள். கடைத்தெருவில் ஓர் அறையைப் பிடித்து, சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, கண்ணாடிக்கடை திறந்தார்கள். கண் பரிசோதனையில் ஒரு சௌகரியம் உண்டு. பேசவேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான். பலகையின் மேல்வரியிலிருந்து கீழ்வரிவரை அவர் படிப்பார். கண்ணாடிக்காரர் சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகினால் போதும். ஆனாலும் நடுவில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"இது தெ... தெ... தெ..."

முதல் நாள் நாற்காலியில் இருந்தவர் பேக்கரிக்காரர். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தெளிவா இருக்கான்னு கேக்குறீங்க! இருக்கு, இருக்கு! பளிச்சுனு இருக்கு!" என்றார். முதுகில் தட்டிக்கொடுத்தார். "நீங்க ஏன் சார் சிரமப்படுறீங்க? பாதியைச் சொல்லுங்க. மீதிக்கு நாங்க இருக்கோம்."

அந்த ஊரில் மறந்தும் ஒருவர் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் உதவினார்கள். அவர் வாயைத் திறந்ததும் நாலு பேர் நாலு பக்கமிருந்து வார்த்தையை எடுத்து நீட்டினார்கள். சரியாகச் சொன்னவர் முகத்தில், பந்தயத்தில் முதலில் வந்த களை தெரியும். ஒரு மாதத்துக்குள் அவருக்குப் பெயர் வைத்தாயிற்று: பாதி. "கண்ணாடியை நம்ம பாதி கடையில மாத்துங்க, பூப்போல வச்சுக் குடுப்பாரு," என்று அடுத்த தெருவுக்காரருக்குச் சொன்னார்கள். அவள் பாதியம்மா ஆனாள். பட்டப்பெயர் வைத்தால் ஊர் நம்மை உறவாக ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம் என்றாள் மருந்துக்கடை அக்கா. அவளையே ஊரார் 'மாத்திரை' என்றுதான் கூப்பிட்டார்கள். பாதியம்மா என்று முதல்முறை ஒருவர் தெருவில் கூவியபோது இவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது என்பதும் உண்மை.

கண்ணாடிக்காரர் தினமும் காலையில் பேக்கரிக்குப் போவார். தினமும் தப்பான சாமானோடு திரும்புவார்.

அதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பாத்திரம் துலக்க, அவர் துணியால் துடைத்து அடுக்குவார். அது அவருடைய அரங்கம். பேக்கரிக்காரரின் குரல் அப்படியே அவர் தொண்டைக்குள் வந்து இறங்கும்.

"'ரொ... ரொ...'ன்னு ஆரம்பிச்சேன். 'ரொம்ப நாளாச்சு கேக் சாப்பிட்டுன்னு சொல்ல வர்றாரு! வைடா கேக்கை!' இல்லைன்னு தலையாட்டினேன். 'ரெண்டா? ரெண்டு வைடா!' மூணாவது தலையாட்டுக்கு முன்னாடி ஓடி வந்துட்டேன். இந்த ஊர்ல என் வயிறு என்ன சாப்பிடணும்னு எனக்குத் தெரியறதில்லடி. தீர்மானம் போட்டுச் சொல்லியனுப்புறாங்க."

அவள் சோப்பு நுரைக் கையோடு சுவரில் சாய்ந்து சிரிப்பாள். அக்கா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி இருமல் மருந்துக்கு யோசனை சொல்வது, பால்காரர் ஊர்க்கதையை இழுப்பது, எல்லாரையும் அந்தச் சின்னச் சமையலறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். ஊரே திரண்டு பாதியைப் பேசவிடாமல் செய்தது. பாதியோ இரவானால் ஊரையே பேசினார்.

இப்படியே போயிருக்கும். அக்கா ஒருநாள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்.

அக்கா வீட்டு முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு புருஷன்மார்களைப் பற்றித் திரும்பியது. ஒருத்தியின் வீட்டுக்காரர் குறட்டை, ஒருத்தியின் வீட்டுக்காரர் கோபம். அக்கா இவள் முழங்காலில் கைவைத்து, "எங்க பாடாவது தேவலை. உன்னை நினைச்சாத்தான் மனசு கேக்கல. ஊமையோட குடும்பம் நடத்துற மாதிரிதானே? எப்படிம்மா ராத்திரியெல்லாம் பொழுது போகுது?" என்றாள்.

அதில் விஷம் இல்லை. பச்சாதாபம்தான். அது இவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"யார் சொன்னது? வீட்டுல அருவியாப் பேசுவாரு," என்றாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி சரி," என்றாள் அக்கா, குழந்தையின் பொய்க்குத் தலையாட்டுவதுபோல.

"சத்தியமா! உங்க எல்லாரையும் உங்க குரல்லயே பேசுவாரு. அக்கா, நீங்க மூக்கு உறிஞ்சுறதுகூட."

கீரை ஆய்ந்த கைகள் நின்றன. "நானா? மூக்கு உறிஞ்சுறேனா?" என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அக்கா சொன்னாள்: "காதால கேட்டாத்தான் நம்புவேன்."

அன்றிரவு அவள் புரண்டு புரண்டு யோசித்தாள். ஒரே ஒருதரம் கேட்டுவிட்டால் போதும். அதற்குப் பிறகு யார் வாயிலும் பாதி என்ற சொல் வராது. இப்படித்தான் நினைத்தாள். அவருக்குச் செய்யும் நல்லது என்றே நினைத்தாள். தன் புருஷனைப் பற்றி ஊர் மூக்கில் விரல் வைக்கப்போகும் காட்சியில் தனக்கும் ஓர் இடம் இருந்ததை மட்டும் அவள் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து அவர் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, முன்வாசல் வழியாக அக்காவை உள்ளே விட்டாள். அக்கா மட்டும்தான் என்று பேச்சு. அக்காவின் பின்னால் பேக்கரிக்காரரும் பால்காரரும் இன்னும் இரண்டு பெண்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனைபோல நுழைந்தார்கள். "எல்லாரும் ஆசைப்பட்டாங்கம்மா," என்று அக்கா காதோடு சொன்னாள். சமையலறையை ஒட்டிய உள்ளறைக்குள் ஐந்து பேரும் போய், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்கள்.

அப்போதும் ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். அவள் பாத்திரத் தொட்டியின் முன்னால் போய் நின்றாள். அவர் துணியை எடுத்துக்கொண்டு வந்தார். ஏதோ யோசனையில் பேசாமல் துடைத்தார். உள்ளறையில் யாரோ மூச்சை அடக்குவது அவளுக்குக் கேட்டது.

"என்ன, இன்னிக்கு பேக்கரில கதை ஒண்ணும் இல்லையா?" என்று அவளே எடுத்துக்கொடுத்தாள்.

அவ்வளவுதான். அவர் பிடித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் வந்தார், பால்காரர் வந்தார், அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து மூன்று மாத்திரைகளைச் சிபாரிசு செய்தாள். எந்த எழுத்திலும் நாக்கு இடறவில்லை. அவள் சிரித்தாள், சிரிப்பு வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, கடைசித் தட்டை அடுக்கிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"விடு. நல்ல ஜனங்கதான். நாள் முழுக்க என் வாய்க்குள்ள அவங்க கை இருக்கு, அதான் வலிக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினா, என் நாக்கும் செருப்பைக் கழட்டிட்டுக் காலை நீட்டி உக்காந்துக்குது. அது போதும் எனக்கு."

உள்ளறையில் கைதட்டல் எழுந்தது.

கதவு திறந்தது. பேக்கரிக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "அடேயப்பா! பாதி! முழுசா இல்ல பேசுறீங்க!" ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை. பால்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா, "என்னை மட்டும் இன்னொருதரம் செய்யுங்க, தம்பி. என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன்," என்று கெஞ்சினாள்.

அவர் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். துணி கையிலேயே இருந்தது. வாயைத் திறந்தார்.

"நீ... நீ... நீ..."

கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் புடைப்பைத் தனக்கு நேராக அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"நீங்க எல்லாரும் உக்காருங்கன்னு சொல்றாரு!" என்றார் பேக்கரிக்காரர். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அதன்பின் அந்தச் சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொல்ல முயன்றார், வரவில்லை. ஒரு மாலை அவள் அவர் கையைப் பிடித்து வீடு முழுக்க அழைத்துப்போனாள். உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினாள், கட்டிலுக்கு அடியில் விளக்கடித்துக் காட்டினாள். "பாருங்க, யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். அவள் மட்டும்தான் என்பதுதான் சங்கடமே என்பதை அந்தத் தலையாட்டலிலிருந்து அவள் புரிந்துகொண்டாள்.

ஊர் விடவில்லை. அக்கா தினமும் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "இன்னிக்காவது பேசினாரா? நாங்க என்னம்மா தப்பு பண்ணிட்டோம்? கை தட்டினோம், அவ்வளவுதானே?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். வீட்டுக்குக் கேக் வந்தது, பலகாரம் வந்தது, நாக்குக்கு மருந்து வந்தது. இவளுக்கு முற்றத்தில் உட்கார முன்பைவிட நல்ல இடம் கிடைத்தது.

வீட்டில் அவர் "த... த..." என்று தொடங்குவார். அந்தப் புடைப்பைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் முந்திக்கொள்வாள். "தண்ணியா? தண்ணிதானே?" அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். செம்பை வாங்கிக் குடிப்பார். தாகமில்லாத மனிதன் தண்ணீர் குடிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அடுத்த நாளும் முந்திக்கொண்டாள்.

ஒரு நண்பகல் அவள் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனாள். இடைவேளை நேரம், ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வாடிக்கையாளர் யாரோ இருக்கிறார் என்று நின்றாள்.

பேக்கரிக்காரரின் குரல் அது. பிறகு அக்கா மூக்கை உறிஞ்சினாள். குனிந்து பார்த்தாள். அவர் வெறும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். தனியாக. சரளமாகப் பேசிக்கொண்டு.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குரல் போகவில்லை, இருக்கிறது. அங்கேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். உள்ளறையில் அந்த ஐந்து பேர் நின்ற அதே மாதிரி.

அப்போது மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. அவசரமான, கெஞ்சுகிற, கொஞ்சம் கீச்சென்ற பெண் குரல். "தண்ணியா? தண்ணிதானே?"

அது தன் குரல் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"தண்ணி இல்லடி," என்றார் அவர், தன் குரலில், திருகாணியைப் பார்த்துக்கொண்டே. "தயவுபண்ணி நாம இந்த ஊரை விட்டுப் போயிடலாமான்னு கேக்க வந்தேன். பெரிய ஊருக்கே போயிடலாம். அங்க நீ சுவரோட பேசு, நான் உன்னோட பேசறேன்."

கேரியரின் மூடி கிணுங்கியது. உள்ளே பேச்சு அறுந்தது.

அவள் ஷட்டரை உயர்த்தினாள். அவர் எழுந்து நின்றார். அவள் எவ்வளவு கேட்டாள் என்று அவள் முகத்தில் தேடினார். பிறகு என்ன தோன்றியதோ, திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, முழுப் பலத்தையும் திரட்டிக்கொண்டு அவளிடமே கேட்டார்.

"நா... நாம... போ... போ..."

இத்தனை நாளில் அவர் வாக்கியம் ஒன்றின் மீதி முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது இப்போதுதான். தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து பேக்கரிக்காரர் மாவுக் கையை ஆட்டினார். "பாதியம்மா! சாயந்திரம் எங்க வீட்டுக்கு வந்துடுங்க, எல்லாரும் வர்றாங்க!" அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள்.

அவர் இன்னும் அந்த எழுத்திலேயே நின்றிருந்தார்.

"போ... போ..."

"போய்க் கை கழுவிட்டு வரணுமா? கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம். ஆறிடும்," என்றாள் அவள், கேரியரைப் பிரித்தபடி.

அவர் திருப்புளியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.