தகரத்தில் எழுதிக் காட்டியது

"டப்பா கீது, மருந்து கீது, அமுக்குற மூக்கு எங்கடி? கரப்பான் மேல நான் எச்சியா துப்புறது?"

பேபி கேட்டது ஞானகுமாரியைத்தான். ஆனால் திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த அந்தத் தெரு மொத்தத்துக்கும் அது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குக் கிளம்பியவர்களும் நின்றுவிட்டார்கள். பூசை எங்கே ஓடிவிடப் போகிறது?

"உன் கரப்பான் டப்பாவ எங்க ஊட்டுக்காரரு இன்னாத்துக்குத் தொடப்போறாரு? வாய் கீதுன்னு பேசாத."

"அப்ப உலகநாதன் அண்ணாத்தேயோட ஷேவிங் டப்பாவுக்கு இன்னா வந்துச்சு? அதுவும் மூக்கு இல்லாம கீது. சுசீலாவோட சென்ட்டு மொட்டையா கீது. கேளு உன் ஆள!"

ஆள் பின்பக்கம் குளியலறைச் சுவரோரம் குத்துக்காலிட்டிருந்தான். சண்டை காதில் விழாமல் இல்லை, எழுந்துபோகத்தான் தெம்பில்லை. முதல் நாள் இரண்டு ஷிப்டு. எதிரே தின்னர் கிண்ணத்தில் பதினோரு மூக்குகள் ஊறிக்கொண்டிருந்தன.

கிறிஸ்துராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் மரப்பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். கப்பலில் போகும் பெட்டிகளுக்கு ஊர்ப்பெயரும் நம்பரும் பிரஷ்ஷால் எழுதினால் காய்வதற்குள் லோடு ஏற்றி எழுத்தைத் தேய்த்துவிடுகிறார்கள் என்று, இனி ஸ்ப்ரே டப்பாவிலேயே எழுத வேண்டும் என முடிவாகியிருந்தது. சுத்தமாக எழுதிக் காட்டுகிறவனுக்கு அந்த வேலை பர்மனென்ட். புதன்கிழமை டெஸ்ட்.

டப்பாவோடு வரும் மூக்கு கட்டைவிரல் தடிமனுக்குப் பீய்ச்சியது. சின்ன எழுத்தெல்லாம் வயிறு அடைத்துக்கொண்டது. அதனால்தான் தெருவில் மூக்கு வேட்டை. பாதி பொருந்தவில்லை. ஷேவிங் நுரையுடையது பெயிண்ட்டைக் காறித் துப்பியது. சென்ட்டுடையது பனியாகத் தூவியதே தவிர, கோடு விழவில்லை. பேபி வீட்டுக் கரப்பான் மூக்குதான் தீக்குச்சி தடிமனில் கோடு இழுத்தது.

அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சுவரில் சாத்தி மறுபடி ஆரம்பித்தான். நாலு விரற்கடை தூரம். கை நகர ஆரம்பித்த பிறகுதான் அமுக்க வேண்டும். கை நிற்கும் முன்னால் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முனையில் குண்டு கட்டி ஒழுகும். இந்த ஞானம் வரக் கம்பெனியிலிருந்து சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்த நாலு மிச்ச டப்பா தீர்ந்திருந்தது. எஸ் எழுத்துதான் படுத்தியது. மணிக்கட்டால் வளைத்தால் கோணியது. தோளிலிருந்து வளைத்தால் வந்தது. தோள் வலித்தது.

முன்னால் சத்தம் ஏறவே, எழுந்து போனான்.

"நான்தாங்க்கா எடுத்தேன். பொதங்கெழம வரைக்கும் குடுங்க. பர்மனென்ட் ஆனா புது டப்பாவே வாங்கியாறேன்."

"ஒம்போது வருசமா இத்தத்தான் சொல்லிகினு கீற." பேபி அவன் கறுத்த விரல்களைப் பார்த்தாள். "சரி, வெச்சிக்கோ. அப்டியே ஊட்டுக்குள்ள வந்து கரப்பானுங்ககிட்ட சொல்லிட்டுப் போ, பொதங்கெழம வரைக்கும் அப்டியே குந்திகினு இருக்கச் சொல்லி."

புதன்கிழமை ஸ்டோர்ஸ் ஆபீசர் இராமகிருஷ்ணன் ஒரு பலகையைப் போட்டு, "இதுல எழுதிக் காட்டு" என்றார். கிறிஸ்துராஜ் பலகையைத் தடவிப் பார்த்தான்.

"சார், பலகை பெயிண்ட்டக் குடிச்சிரும். ஓரம் நூல் நூலா பிரியும். தகரம் இருந்தா குடுங்க சார், எழுத்து கத்தி மாதிரி நிக்கும்."

தகரம் வந்தது. ஏ முதல் இசட் வரை, அப்புறம் பத்து எண்கள். எழுத்துக்கு எழுத்து டப்பாவைக் கவிழ்த்து மூக்கை ஊதிச் சுத்தம் செய்துகொண்டான். ஒன்றரை மணி நேரம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இராமகிருஷ்ணன் சுற்றிவந்து பார்த்தார்.

"அச்சு மாதிரி இருக்குய்யா. சனிக்கிழமை வந்து பாரு."

அன்று ஞானகுமாரி வஞ்சிரம் வாங்கினாள். பேபி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு போனது.

சனிக்கிழமை ஆபீசுக்குப் போகிற வழியில் ஷீட் மெட்டல் ஷெட்டில் டக்டக்கென்று சத்தம். ஃபிட்டர் பாஸ்கரன் அந்தத் தகரத்தை மேசையில் போட்டு, எழுத்தின் ஓரத்திலேயே உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். எஃப் வரை ஓட்டையாகியிருந்தது.

"இன்னா பாஸ்கரா இது?"

"சார் வெட்டச் சொன்னாரு மாமே. ஓட்ட போட்டுட்டா பொட்டி மேல வெச்சி யாரு வேணா அட்சுகினே போலாமாம். எவன் எய்துனான்னு தெர்ல, ஓரம் சும்மா கத்தி மாதிரி கீது. வெட்றதுக்கு சொகமா கீது."

ஜி எழுத்து வெட்டி விழும்வரை கிறிஸ்துராஜ் நின்றான். பிறகு ஆபீசுக்குப் போனான்.

"எழுதறதுக்குன்னு தனியா ஆள் வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்கப்பா," என்றார் இராமகிருஷ்ணன்.

"அப்ப பர்மனென்ட்டு சார்?"

"உன் பெட்டி வேலை எங்கேயும் போகலையே. தகரத்தைப் பிடிச்சு அடிக்க ரெண்டு பொண்ணுங்க போதும், தினக்கூலிதான். தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு."

அவன் வீட்டில் மச்சினி ஜெயசீலி எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தாள். அவள் பெயரைச் சொன்னான்.

திங்கட்கிழமை அக்காள் புருஷனும் கொழுந்தியாளும் ஒரே ரயிலில் போனார்கள். அவன் பெட்டிக்குப் பச்சை அடிப்பான். அது காய்ந்ததும் அவள் தகரத்தை வைத்து வெள்ளை அடிப்பாள். ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தெரு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பேபி மட்டும் கரப்பான் மூக்கைத் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கான்ட்ராக்ட் கைமாறியதில் கிறிஸ்துராஜின் பெயர் விட்டுப்போனது. குடும்பம் சேக்காட்டுக்குக் குடிபோனது. அங்கே ஒரு கிரில் பட்டறையில் ரெட் ஆக்சைடு அடிக்கிறானாம். ஜெயசீலிக்கு மே மாதம் சென்னீர்குப்பத்தில் கல்யாணம் ஆனது. பெயிண்ட் புகையில் பிடித்துக்கொண்ட இருமல் விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை என்று கேள்வி.

அவள் இடத்துக்குப் பஞ்சவர்ணம் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்; சீட்டில் இருக்கிற வடிவத்தைத் தகரத்தில் தேடிப் பொருத்தி அடிப்பாள். பெயிண்ட் படிந்து படிந்து ஓட்டைகள் சிறுத்துக்கொண்டே வரும். சாயங்காலம் கம்பெனி வாசலில் தகரத்தை மடியில் போட்டுக்கொண்டு பழைய பிளேடால் சுரண்டுவாள். எது எழுத்து, எது படிந்தது என்று கேட்க அங்கே ஆளில்லை. வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் எழுத்து என்று வைத்துக்கொண்டு, தகரத்தைச் சூரியனுக்கு நேராகத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.